பொது உடல் பரிசோதனையும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளும்

பொது உடல் பரிசோதனை என்பது, உடலில் எவ்வித உபாதையும் தோன்றாத நிலையிலும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவரை அணுகி, உடல்நிலையைச் சோதித்து அறிந்துகொள்வதாகும். இரத்தப் பரிசோதனை அதன் ஒரு பகுதியே, முழுமையும் அன்று. நேரே ஆய்வகத்திற்குச் சென்று இரத்தம் கொடுத்து, அச்சிட்ட அறிக்கையைப் பெற்று, அதனை அலமாரியில் வைத்துவிடுவதையே உடல் பரிசோதனை எனப் பலர் கருதுகின்றனர். அந்த அறிக்கையை மருத்துவர் பார்த்து, உங்கள் வயது, உணவுமுறை, உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய முடிவுகள் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கிய பின்னரே அப்பரிசோதனை நிறைவடைகிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவ நிலையங்களிலோ தனியார் ஆய்வகங்களிலோ பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் குடும்பத்தினருக்கும் தேவையான விவரங்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

அறிகுறி இல்லாதபோது ஏன் பரிசோதிக்க வேண்டும்?

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகச் செயல்குறைவு ஆகியவை தொடக்க நிலையில் பெரும்பாலும் வலியையோ காய்ச்சலையோ தருவதில்லை. காலில் ஏற்பட்ட புண் ஆறாதபோதோ, கண்பார்வை மங்கும்போதோ, மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதோதான் தமக்கு நீரிழிவு இருப்பதைச் சிலர் முதன்முறையாக அறிகின்றனர். சிறுநீரகங்களின் நிலை இதனினும் மறைவானது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பான எல்லையைத் தாண்டுவதற்குள், சிறுநீரகச் செயல்திறனில் ஏறத்தாழப் பாதி குறைந்திருக்கக்கூடும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே கண்டறிந்து கட்டுக்குள் வைத்தால் இச்சேதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும். வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலை ஏற்பட்ட பின்னர் அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

‘பரிசோதித்தால் ஏதாவது நோய் வந்துவிடும்’ என்று கூறி மறுக்கும் பெரியவர்கள் பல குடும்பங்களில் உண்டு. பரிசோதனை நோயைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே இருப்பதை, மருந்துக்குக் கட்டுப்படும் காலத்திலேயே அது தெரிவிக்கிறது.

யார், எப்போது செய்துகொள்ள வேண்டும்?

தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, 30 வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அனைவருக்கும், மார்பகம் மற்றும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை பெண்களுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்படுகின்றன.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு அல்லது இளவயதில் மாரடைப்பு ஏற்பட்டிருந்தாலும், கருவுற்றிருந்த காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை மிகுந்திருந்தாலும், சினைப்பை நீர்க்கட்டிப் பாதிப்பு இருந்தாலும் 30 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டிருப்பின் அதுவும் முன்கூட்டியே பரிசோதிக்கப் போதிய காரணமாகும். உடல் மெலிந்து தோன்றினாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருப்பது நம் மக்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம்.

கருவுற்ற பெண்களுக்கும், ஏற்கெனவே நாட்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுக்கும் பரிசோதனைக் கால அட்டவணை வேறானது. அதனை அவர்தம் மருத்துவரே வகுப்பார்.

ஊசி இல்லாமல் செய்யப்படும் பரிசோதனைகள்

இரத்த அழுத்தத்தை எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாது. அதனைக் கையில் பட்டை சுற்றித்தான் அளக்க வேண்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதியுமாறு ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்னர் அளக்கச் சொல்லுங்கள். படியேறி வந்தவுடன் அளந்த அளவைக் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது. வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தமாகும்.

வாய்க்குள் வெண்படலமோ ஆறாத புண்ணோ உள்ளதா என்று பார்ப்பதற்கு ஒரு கைவிளக்கே போதுமானது. வெற்றிலை பாக்கு, புகையிலை பயன்படுத்துவோர் இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று. பெண்களுக்குச் செய்யப்படும் மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைகள் கூச்சத்தால் தவிர்க்கப்படுவதே வழக்கமாக உள்ளது. கருப்பைவாய்ப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் செவிலியரோ பெண் மருத்துவரோ செய்ய வேண்டுமென நீங்கள் கேட்கலாம். இப்புற்றுநோய்களை வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் கண்டறிவதில்லை என்பதை மனத்திற்கொள்க.

வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் எவற்றைத் தெரிவிக்கின்றன?

இரத்தச் சர்க்கரை: வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் இருப்பின் நீரிழிவு எனக் கொள்ளப்படும். எனினும், அறிகுறி இல்லாதவர்களுக்கு ஒரே முடிவைக் கொண்டு நோயை உறுதிசெய்வதில்லை. மீண்டும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். எச்பிஏ1சி என்னும் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது. இதில் 5.7 விழுக்காட்டுக்குக் குறைவு இயல்பு, 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு.

எச்பிஏ1சி முடிவை இரத்தசோகை மாற்றிவிடக்கூடும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது உண்மையைவிடக் கூடுதலாகவும், அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கும் குறைவாகவும் காட்டலாம். பெண்களிடையே இரத்தசோகை மிகுந்துள்ள நம் மாநிலத்தில், எச்பிஏ1சி ஒன்றை மட்டும் நம்பாமல் ஹீமோகுளோபின் அளவையும் உடன் பார்ப்பது அறிவுடைய செயல்.

முழு இரத்த எண்ணிக்கை: சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள், ஹீமோகுளோபின் ஆகியவற்றின் அளவுகள் இதில் அடங்கும். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை எனப்படும். இளம்பெண்களுக்கு இது பெரும்பாலும் மாதவிடாயாலும் உணவுக் குறைபாட்டாலும் ஏற்படுகிறது. ஆனால் ஐம்பதைக் கடந்த ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஹீமோகுளோபின் குறைந்தால், இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திவிடுதல் கூடாது. குடலில் எங்கேனும் இரத்தக் கசிவு உள்ளதா என்று ஆராய வேண்டும். ‘வயதானால் இரத்தம் குறையத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுவதால் குடற்புற்றுநோயைக் கண்டறிவது தாமதமாகக்கூடும்.

சிறுநீரகம்: கிரியேட்டினின் அளவுடன் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரக வடிகட்டுதிறன் கணக்கிடப்படுகிறது. அது மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் குறைவாக இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதனுடன் சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் உயர்வதற்கு முன்னரே ஆல்புமின் கசிவு தொடங்கிவிடுவதுண்டு. விலை குறைந்த இச்சிறுநீர்ப் பரிசோதனையே பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கொழுப்பு, கல்லீரல், தைராய்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் உங்கள் நிலைக்கேற்பச் சேர்ப்பார். நீண்டகாலமாக மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போதல், களைப்பு இருப்பின் அதனையும் பார்க்கக் கேளுங்கள்.

பரிசோதனைக்கு முந்தைய நாளும் அன்று காலையும்

வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கு 8 முதல் 12 மணி நேரம் உணவு உட்கொள்ளாதிருக்க வேண்டும். இரவு எட்டு மணியளவில் உணவை முடித்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்தால் போதுமானது. பசியுடன் நீண்ட நேரம் இருந்தால் முடிவு இன்னும் துல்லியமாகும் என்பது தவறு. தண்ணீர் அருந்தலாம், அருந்தவும் வேண்டும். உடலில் நீர் குறைந்தால் இரத்தக்குழாய் எளிதில் அகப்படாது. சர்க்கரை சேர்க்காத காபியாயினும் கூடாது. வெற்றிலை, பீடி, சிகரெட் ஆகியவையும் கூடாது.

மருந்துகளைப் பொறுத்தவரை அனைவருக்கும் ஒரே விதி இல்லை.

இரத்த அழுத்த மாத்திரையைச் சிறிது தண்ணீருடன் வழக்கம்போல் உட்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ளாதீர்கள். உணவின்றி அவற்றைப் பயன்படுத்திவிட்டு ஆய்வக வரிசையில் நிற்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் ஏற்படலாம். இரவில் நீண்டநேர இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதன் அளவு குறித்து முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பின்னர் உட்கொள்ளுங்கள். தலைமுடிக்கும் நகத்திற்கும் எனப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் நோய் இல்லாதவருக்கு இருப்பதுபோலவும், இருப்பவருக்கு இல்லாததுபோலவும் முடிவு வரக்கூடும்.

உணவுக்குப் பின் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையில் இரண்டு மணி நேரம் என்பது, முதல் கவளம் உண்ட நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கை கழுவிய நேரத்திலிருந்து அன்று. வழக்கமாக நான்கு இட்லி உண்பவர் அன்று மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொண்டால், வரும் எண் நன்றாக இருக்கும். ஆனால் அது அவருடைய எண் ஆகாது. அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார் என்பதை எண்ணிப்பாருங்கள். வழக்கமான உணவை, வழக்கமான அளவில், வழக்கமான மாத்திரையுடன் எடுத்துக்கொண்டு வருவதே முறை.

காய்ச்சல், கடும் நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் உடனடியாகப் பொதுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம். சில வாரங்கள் கழிந்தபின் செய்தால்தான் உங்கள் இயல்பான நிலை தெரியும். முந்தைய நாள் மது அருந்தாதீர்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டிருந்தால் சர்க்கரை உயரும். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிய வலிநிவாரணி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

இரத்தம் எடுக்கும்போது

ஒரு பொதுப் பரிசோதனைக்கு எடுக்கப்படும் இரத்தம் பொதுவாக 10 முதல் 15 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று தேக்கரண்டி அளவே. உடலில் உள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டரில் இதனால் குறைவு ஒன்றும் நேர்வதில்லை. ஊதா, சாம்பல், மஞ்சள் எனப் பல நிற மூடிகள் கொண்ட குழாய்களில் இரத்தம் பிரித்து ஊற்றப்படுவதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் குழாயில் வைத்த இரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே இருப்பதால், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அதன் அளவு குறையும். சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் அதனைத் தடுக்கும் வேதிப்பொருள் உள்ளது.

குழாயில் உங்கள் பெயரும் வயதும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். கூட்டம் மிகுந்த காலை வேளையில் ஒரே பெயருடைய இருவர் வருவது அரிதன்று. முன்பு ஊசி போட்டபோது மயக்கம் வந்திருந்தால் தயங்காமல் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டு இரத்தம் கொடுக்கலாம். டயாலிசிஸ் செய்வதற்கான இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையில் ஒருபோதும் இரத்தம் எடுக்கவோ இரத்த அழுத்தம் அளக்கவோ விடக்கூடாது. இரத்தம் உறையாமை மருந்து உட்கொள்பவர்கள் ஊசி குத்திய இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

அறிக்கையில் உங்கள் அளவுக்கு அருகே ‘இயல்பான வரம்பு’ என்று இரு எண்கள் இருக்கும். உடல்நலமுள்ள பலரைப் பரிசோதித்து, அவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்குமாறு பெரும்பாலான வரம்புகள் வகுக்கப்படுகின்றன. எஞ்சிய 5 விழுக்காட்டினர் நோயாளிகள் அல்லர். இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். ஒன்றுடன் ஒன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை உடல்நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், அவற்றுள் ஒன்றேனும் வரம்புக்கு வெளியே வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. தடித்த எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருப்பதைக் கண்டவுடன் அச்சமடைய வேண்டாம் என்பதற்கும், 60, 80 பரிசோதனைகள் அடங்கிய சலுகைத் தொகுப்புகளை மருத்துவர் ஆலோசனையின்றி வாங்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. தேவையற்ற பரிசோதனை, தேவையற்ற ஸ்கேனுக்கும் பல நாள் உறக்கமின்மைக்கும் வழிவகுக்கும். நோயறிகுறி இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனைகளைத் தொகுப்பாகச் செய்வது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மறுபுறம், வரம்புக்குள் உள்ள எண்ணும் செய்தி சொல்லக்கூடும். ஒருவரின் ஹீமோகுளோபின் சென்ற ஆண்டு 15.5 ஆகவும் இவ்வாண்டு 13.2 ஆகவும் இருந்தால், இரண்டும் இயல்பே என்று ஆய்வகம் அச்சிடும். பழைய அறிக்கையை உடன் வைத்துப் பார்க்கும் மருத்துவர் காரணம் தேடுவார். எனவே பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைத்தாலும் நன்று. கூடியவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதிப்பது ஒப்பீட்டுக்கு உதவும்.

அறிக்கை முழுவதும் இயல்பாக இருந்தாலும், மார்பு வலி, காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம், உடலில் கட்டி, மூன்று வாரத்திற்கு மேற்பட்ட வாய்ப்புண் ஆகியவை இருந்தால் அவ்வறிக்கையைக் கண்டு ஆறுதலடையாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது?

சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்து வியர்வை, நடுக்கம் ஏற்பட்டால், நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரை 300-க்கு மேல் சென்று வாந்தி, மூச்சுவாங்குதல், தூக்கக் கலக்கம் இருந்தாலும், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் இருந்தாலும், பொட்டாசியம் 6-க்கு மேல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தட்டணுக்கள் குறைந்து ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும் அவ்வாறே. அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

முதியவரை அழைத்துச் செல்வதற்கு முன், அவர் உட்கொள்ளும் மருந்து அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளை மாத்திரை ஒன்று, சிவப்பு ஒன்று’ என்னும் விவரம் மருத்துவருக்குப் பயன்படாது. இரத்தம் கொடுத்தவுடன் உண்பதற்கு உணவையும், சிறிது சர்க்கரையையும் கையில் வைத்திருங்கள். நினைவாற்றல் குறைந்தவர்கள், ‘சாப்பிடவில்லை’ என்று கூறினாலும் காலையில் காபி அருந்தியிருக்கக்கூடும்; உடன் இருந்தவரே உறுதிசெய்ய வேண்டும்.

முடிவு யாருடையதோ அவரிடம் அதனைத் தெரிவிப்பதே முறை. அஞ்சுவார் என்று குடும்பத்தினர் மறைத்துவிட்டால், காரணம் தெரியாத மாத்திரையை அவர் சில வாரங்களில் நிறுத்திவிடக்கூடும். எச்ஐவி பரிசோதனைக்கு உரியவரின் ஒப்புதல் சட்டப்படி தேவை. முடிவும் இரகசியமாகக் காக்கப்படும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையுடன் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

எங்கே செய்துகொள்ளலாம்?

இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை உங்கள் பகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். மேற்கொண்டு தேவைப்படும் பரிசோதனைகளுக்கு அங்கிருந்தே அரசு வட்ட மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். நடக்க இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, தொடர் மருந்துகளையும் வழங்குகின்றனர். தனியார் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதாயின், அது என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டறியுங்கள்.

நீரிழிவு கட்டுக்குள் உள்ளவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், கட்டுக்குள் வராதவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் எச்பிஏ1சி பரிசோதிக்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை தேவை. அடுத்த பரிசோதனைத் தேதியை மருத்துவச் சீட்டிலேயே எழுதித் தரக் கேட்டுப் பெறுங்கள். அருகிலுள்ள நிலையம் குறித்தும், அறிக்கை தொடர்பான பொதுவான ஐயங்களுக்கும் 104 என்னும் சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.